ரெக்சின் உறை

நர்ஸ் நீட்டிய பிளாஸ்டிக் பையை ஒரு கையால் வாங்கினாள். அது கையைக் கீழே இழுத்தது. சட்டென்று இன்னொரு கையையும் கொடுத்துப் பிடித்துக்கொண்டாள்.

"பார்த்தும்மா, கனமா இருக்கும். உங்க வீட்டுக்காரர் போட்டிருந்த துணி. வாட்ச் மட்டும் தனியா கவர்ல இருக்கு."

"துணி எதுக்கு இவ்வளவு கனம்?"

"ஈரம்மா."

"ஈரமா? பகல் முழுக்க வெயில் கொளுத்துச்சு. எங்க போய் நனைஞ்சார்?"

நர்ஸ் அவளை ஒரு பார்வை பார்த்தாள். கேட்கிறவளுக்கு நிஜமாகவே தெரியாதா, இல்லை தெரியாத மாதிரி கேட்கிறாளா என்று எடை போடுகிற பார்வை. பிறகு, "இங்கயே உட்காருங்கம்மா, டாக்டர் பேசணும்னார்" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டாள்.

உட்கார்ந்தாள். அழுகை வரவில்லை. காலையில் தன் காலால் நடந்து கடைக்குப் போன மனிதர். 'சளி இன்னும் விடலை' என்று சொல்லிவிட்டு, டீயில் பாதியை அப்படியே வைத்துவிட்டுப் போனவர். கடையில் மிஷின்மேல் அப்படியே சாய்ந்துவிட்டார் என்று கூட்டாளி போன் செய்தபோது அவள் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ஓடி வந்து சேர்ந்தபோது அவருக்கு அவளைத் தெரியவில்லை. சாயங்காலம் எல்லாம் முடிந்துவிட்டது. யாரோ தப்பான வீட்டுக் கதவைத் தட்டிவிட்டார்கள், இப்போது வந்து 'மன்னிச்சுக்கங்க, பக்கத்து வீடு' என்று சொல்லிவிட்டுப் போவார்கள் என்பதுபோல உட்கார்ந்திருந்தாள்.

பையைப் பிரித்தாள். சட்டை. பெல்ட். கறுப்புப் பேண்ட். பேண்ட்டைத் தூக்கியபோது அதன் உள்ளே ஏதோ தொங்கியது. இடுப்புப் பட்டியில் இரண்டு பக்கமும் பட்டன் வைத்து மாட்டியிருந்தது. படகு மாதிரி ஒரு வடிவம். கீழ்ப்பக்கம் ரெக்சின். நடுவில் ஸ்பாஞ்ச். மேலே, உடம்பில் படுகிற பக்கம், மெல்லிய பழந்துணி. ஓரத்தில் கயிறு உள்ளே வைத்து மடித்துத் தைத்த பைப்பிங்.

சோபாவுக்கும் கார் சீட்டுக்கும் உறை தைக்கிறவரோடு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவள் அவள். அந்தப் பைப்பிங்கை நூறு பேர் தைத்ததோடு கலந்து வைத்தாலும் எடுத்துக் கொடுப்பாள். வளைவு வருகிற இடத்தில் தையல் கொஞ்சம் நெருங்கும். அது அவர் கை.

மேல்துணியை விரலால் தடவினாள். சாயம்போன நீலத்தில் வெள்ளைப் புள்ளி. அவளுடைய நைட்டி. கொடியிலிருந்து காணாமல் போன நைட்டி. 'காயப்போட்ட துணி காத்துல பறந்தா போகும்? காலு முளைச்சுத்தான் போயிருக்கும்' என்று கீழ் வீட்டுக்காரியிடம் ஜாடையாகப் பேசி, அவள் மாதக்கணக்கில் முகம் கொடுக்காமல் போனாளே, அந்த நைட்டி.

"அம்மா, உள்ள வாங்க."

டாக்டருக்கு நடுவயது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"எவ்வளவு நாளா இப்படி இருந்துச்சு?"

"எப்படிங்க?"

"சிறுநீர் கசியறது. அடக்க முடியாம."

"அவருக்கா? அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லீங்களே."

டாக்டர் அவள் மடியில் இருந்த பையைப் பார்த்தார். அவளும் பார்த்தாள்.

"பக்கத்துலயே இருக்கறவங்களுக்குத் தெரியாமப் போகுமாம்மா?"

"அவர் தனியாப் படுத்துக்குவார். நான் குறட்டை விடறேன்னு."

டாக்டர் மேஜைமேல் இருந்த காகிதத்தைத் திருப்பி, பின்பக்கம் ஒரு படம் போட்டார். பலூன் மாதிரி ஒன்று. அதன் வாயைச் சுற்றி ஒரு வளையம்.

"இது மூத்திரப்பை. ஆம்பளைங்களுக்கு இதுக்குக் கீழ ஒரு சுரப்பி, வழியைச் சுத்தி இருக்கும். வயசாக ஆக அது வீங்கும். வீங்கினா வழி நெரியும். முழுசாப் போக முடியாது, மிச்சம் உள்ளயே தங்கும். தங்கித் தங்கி நிறைஞ்சப்புறம் தானாச் சொட்டும். சொட்டறதைப் பார்த்துட்டு இவங்க என்ன நினைப்பாங்க? அதிகமாப் போகுது, அடக்க முடியலைன்னு. தண்ணியைக் குறைச்சுக்குவாங்க. ஆனா நிஜத்துல அது போகவே இல்லம்மா. நிறைஞ்சு வழிஞ்சிருக்கு. இன்னிக்கு ட்யூப் போட்டப்ப ரெண்டு லிட்டருக்கு மேல வந்துச்சு. நமக்கெல்லாம் அதுல கால்வாசி இருந்தாலே எழுந்து ஓடிடுவோம்."

"அவருக்குச் சர்க்கரைகூடக் கிடையாதுங்க."

"சர்க்கரையாலயும் இது வரும். முதுகு நரம்பு கெட்டா வரும், அந்த இடத்துல ஆபரேஷன் பண்ணினா வரும், மலச்சிக்கல்லகூட வரும். எதனாலன்னு பார்த்தாத்தான் வைத்தியம். உங்க வீட்டுக்காரருக்கு இருந்தது ரொம்பச் சாதாரணம். மாத்திரை இருக்கு. கேட்கலைன்னா ஒரு ஆபரேஷன், சில நாள்ல வீட்டுக்குப் போயிருப்பார்."

"சாதாரணமா?"

"சாதாரணம்தாம்மா. அறுபதைத் தாண்டினவங்கள்ல பாதிப் பேருக்கு ஏதோ கொஞ்சம் இருக்கும். இவருக்கு உள்ளயே தேங்கி, கிட்னிக்கு ஏறி, ரெண்டும் கெட்டிருக்கு. ரத்தத்துல உப்பு ஏறி இதயம் நின்னுடுச்சு." காகிதத்தை நகர்த்தி வைத்துவிட்டு, "சமீபத்துல ஏதாவது மாத்திரை சாப்பிட்டாரா? சளிக்கு, தும்மலுக்கு?" என்றார்.

அவள் மடியில் இருந்த பையை இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

"மூக்கு ஒழுகுதுன்னார். நான்தான் மெடிக்கல்ல கேட்டு வாங்கிட்டு வந்தேன். மஞ்சள் மாத்திரை."

"அதுல சிலது மூக்கை நிறுத்தற மாதிரியே கீழயும் நிறுத்திடும். மத்தவங்களுக்கு ஒண்ணும் ஆகாது. ஏற்கெனவே வழி நெரிஞ்சிருக்கிறவங்களுக்கு ஒரே பூட்டாப் பூட்டிடும்." அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாகச் சேர்த்துக்கொண்டார். "உங்க மேல தப்பே இல்லம்மா. உங்களுக்குத்தான் தெரியாதே."

தெரியாதே. அந்த வார்த்தைதான் கன்னத்தில் விழுந்தது.

வெளியே வந்தபோது கடைக் கூட்டாளி ஓடி வந்தார். கடையில் அவரோடு பாதிப் பங்கு, பாதி வேலை. சட்டையில் இன்னும் ஸ்பாஞ்ச் தூள் ஒட்டியிருந்தது.

"டாக்டர் என்ன சொன்னார் அண்ணி?"

"ஹார்ட்டாம்" என்றாள்.

பையின் வாயை இறுக்கி முடிந்தாள். அவர் யாருக்கும் தெரியக்கூடாது என்றுதானே இவ்வளவு பாடுபட்டுத் தைத்திருக்கிறார். செத்த அன்றைக்கே அவிழ்த்துக் காட்டவா முடியும்?

மறுநாள் காலை ஹாலில் ஒரு ஓரமாக, திரைக்குப் பக்கத்தில் கட்டில் போட்டு அவரைக் கிடத்தியிருந்தார்கள். வந்தவர்கள் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். யார் எழுந்தாலும் உட்கார்ந்தாலும் நாற்காலிகள் 'ப்ர்ர்ர்' என்று சத்தம் போட்டன. துக்க வீட்டில் அந்தச் சத்தத்துக்குச் சிரிக்கவும் முடியாமல் ஆட்கள் குனிந்துகொண்டார்கள். எல்லாம் ரெக்சின். சோபா, சாப்பாட்டு மேஜை நாற்காலி, ஜன்னலோரத் திண்டு, எல்லாம் காப்பிக்கொட்டை நிறம்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால் அவர் முதலில் மாற்றியது சோபாவை. மகள் கல்யாணத்துக்கென்று அவரே ஆசை ஆசையாகத் தைத்துப் போட்ட பூப்போட்ட உறை. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அதைக் கிழித்துப் போட்டுவிட்டு ரெக்சின் அடித்தார்.

"என்னங்க இது, வீடு டாக்சி மாதிரி ஆயிடுச்சு?"

"துடைச்சாப் போச்சு. தூசி பிடிக்காது."

"வெயில் காலத்துல எழுந்திரிச்சா தோலும் சேர்ந்து உரிஞ்சு வரும்."

"அப்ப எழுந்திரிக்காதே."

அப்புறம் நாற்காலிகள். அப்புறம் ஸ்கூட்டர் சீட். ஒருநாள் சின்ன அறைக் கட்டில் மெத்தைக்கும் போட்டார். அன்று ராத்திரியே தலையணையை எடுத்துக்கொண்டு அங்கே போனார்.

"எங்க போறீங்க?"

"உன் குறட்டையில தூக்கம் வரல."

அவளுக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. மூக்கில் சொட்டு மருந்து விட்டுப் பார்த்தாள். ஒருக்களித்துப் படுத்துப் பார்த்தாள். மகளிடம் போனில், "ஏண்டி, நான் குறட்டையா விடறேன்?" என்று கேட்டாள். "நீயா? நீ பூனைக்குட்டி மாதிரி தூங்குவியேம்மா. யார் சொன்னது?" என்றாள் மகள். வயசானால் ஆம்பளைகளுக்குப் பக்கத்தில் பெண்டாட்டி இருப்பது பிடிக்காமல் போய்விடும்போல என்று மனதுக்குள்ளேயே மடித்து வைத்துவிட்டாள்.

இப்போது ஒவ்வொரு மடிப்பாகப் பிரிந்து விழுந்தது. ஹாலில் எங்கே கண்ணை வைத்தாலும் ரெக்சின். அவர் உட்கார்ந்த இடமெல்லாம் ரெக்சின். உட்காராத ஒரே இடம், மூலையில் கிடந்த மர நாற்காலி.

"ஒரு தடவையாவது எங்க வீட்டுக்கு வந்திருக்கலாமேப்பா!" மகள் அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். விடியற்காலைப் பஸ்ஸில் வந்தவள். "ஆறு மணி நேரப் பஸ்ஸு. அதுக்குப் போய் முதுகு வலிக்குது, கடையில வேலைன்னு. உங்க பேரனைப் பார்க்கறதைவிட யாருக்கோ சீட்டுத் தைக்கறதா முக்கியமாப் போச்சு?"

ஆறு மணி நேரப் பஸ். அவள் மகளின் முதுகைத் தடவினாள்.

கீழ் வீட்டுக்காரி வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். "தங்கமான மனுஷன்க்கா. போன வாரம்கூட என் பையனோட சைக்கிள் சீட்டைத் தைச்சுக் கொடுத்துட்டு, காசே வேணாம்னுட்டார்."

"அந்த நைட்டி..." என்று ஆரம்பித்தாள் அவள்.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்ல. வந்தியே, அதுவே போதும்."

அவளுடைய அண்ணன்தான் எல்லாவற்றையும் ஓடியாடிப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கே நின்றாலும் குரல் முதலில் வரும், ஆள் பின்னால் வருவார். வயசில் மூத்தவர் என்றாலும் தங்கையின் புருஷனைக் கேலி பேசாமல் அவருக்குச் சோறு இறங்காது. 'ரெக்சின்' என்று பெயர் வைத்ததே அவர்தான். 'எங்க நம்ம ரெக்சின்?' என்று கேட்டுக்கொண்டேதான் வீட்டுக்குள் நுழைவார். 'மாப்ள, அடுத்தது என் தங்கச்சிக்கும் ஒரு கவர் அடிச்சுடுங்க. மழையில விட்டாலும் நனைய மாட்டா.' எல்லோரும் சிரிப்பார்கள். அவள் புருஷனும் சிரிப்பார். உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்காமல் சிரிப்பார்.

"பாப்பா, ரெண்டு வாய் டீயாவது குடி." அண்ணன் டம்ளரை நீட்டினார். அறுபதைத் தொட்டவளை அவர் இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்.

"நீ குடிச்சியா?"

"எனக்கு வேணாம். நான் காலையிலேர்ந்தே ஒண்ணும் குடிக்கல. வேலை கிடக்கு பாரு."

சொல்லிவிட்டு அவர் பாத்ரூம் பக்கம் போனார். உள்ளே குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. வெகுநேரம் ஓடிக்கொண்டே இருந்தது.

வண்டி வருவதற்குள் உடை மாற்ற வேண்டும் என்றார்கள். கூட்டாளி சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்தார். "நானும் உங்க அண்ணனும் பார்த்துக்கறோம் அண்ணி. நீங்க உள்ள போங்க."

"வேணாம். நான் பண்றேன்."

"அண்ணி, தனியா எப்படி..."

"நான் பண்றேன்னேன்ல. மத்தவங்க திரையை இழுத்துவிட்டுப் போகட்டும். நீங்க வேணா இங்க நின்னு தூக்கறதுக்கு மட்டும் கை கொடுங்க."

மகள் பீரோவிலிருந்து துணி எடுத்துக்கொண்டு வந்தாள். கையில் வெள்ளைப் பேண்ட். மடிப்புக் கலையாமல் இருந்தது. "அப்பாவுக்கு வெள்ளைதானேம்மா பிடிக்கும். எப்பப் பார்த்தாலும் வெள்ளைதான் போடுவார். அப்புறம் என்ன வந்துச்சோ, ஒரே கறுப்பு. கேட்டா 'கடையில அழுக்காகும்'ங்கறார். கடைக்கு என்ன நேத்தா புதுசாப் போறார்?"

அவள் பேண்ட்டை வாங்கிக்கொண்டாள்.

"இனிமே போடலாம்" என்றாள்.

மகள் புரியாமல் பார்த்துவிட்டு வெளியே போனாள்.

கூட்டாளி அவரைத் தோளோடு அணைத்துத் தூக்கிப் பிடித்தார். அவள் ஒரு காலை நுழைத்தாள், மறு காலை நுழைத்தாள். இடுப்புப் பட்டியின் உட்பக்கத்தைத் தடவிப் பார்த்தாள். இதில் பட்டன் இல்லை. இது அவர் எதையும் மறைக்க வேண்டியில்லாத காலத்துப் பேண்ட்.

"ஒண்ணு சொல்லட்டுமா அண்ணி?" கூட்டாளி மூக்கை உறிஞ்சினார். "கடைசியாக் கைவேலையா முழுசாத் தைச்சது உங்க அண்ணன் கார் சீட்டுத்தான். மச்சானே வந்து கேட்டார், டிரைவர் சீட்டுக்கு மட்டும் ரெக்சின் வேணும்னு. நான்தான் அளவெடுக்கப் போனேன். என்னைத் தொடவே விடலை. தானே உட்கார்ந்து தைச்சார். உள்ளுக்குள்ள ஒரு பிளாஸ்டிக் ஷீட்டு வேற. 'எதுக்குண்ணே, காருக்குள்ளயா மழை பெய்யப்போகுது'ன்னு கேட்டேன். 'நீ ஒண்ணும் கேட்டுக்காதே'ன்னுட்டார்."

அவள் கை சட்டைப் பட்டனில் நின்றது.

அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது அவர் சொன்னது ஞாபகம் வந்தது. வழக்கம்போல் தண்ணீர் டம்ளரை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு, சம்பந்தமே இல்லாமல் சொன்னார்: 'உங்க அண்ணன் இனிமே என்னைக் கிண்டல் பண்ண மாட்டார்.'

'ஏன், சண்டை போட்டீங்களா?'

'சேச்சே. வந்தார். உட்கார்ந்தார். போனார்.'

அவ்வளவுதான் பேச்சு. அப்புறம் அண்ணன் கிண்டல் பண்ணவே இல்லை என்பதும் இப்போதுதான் அவளுக்கு உறைத்தது. நேற்றிலிருந்து ஒரு தடவைகூட 'ரெக்சின்' என்று வாய் தவறியும் சொல்லவில்லை.

திரையின் இடைவெளி வழியாக ஹாலைப் பார்த்தாள். துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் வெளுத்த துணியில் இருந்தார்கள். அண்ணன் மட்டும் கறுப்புப் பேண்ட். முன்பெல்லாம் வீட்டுக்கு வந்தால் 'எனக்கு இந்த டாக்சி சீட்டெல்லாம் வேணாம்ப்பா' என்று அந்த மர நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்கிறவர், இப்போது பாத்ரூமிலிருந்து வந்ததும் நேராகப் போய் சோபாவில் உட்கார்ந்தார். ஓரமாக. மெதுவாக. கையை மடியில் கோத்துக்கொண்டு.

அவள் புருஷன் உட்காருகிற மாதிரியே.

கட்டிலில் கிடந்தவரைப் பார்த்தாள். ரெண்டு பேரும் கடையில் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருத்தர் கேட்கிறார், ஒருத்தர் தைக்கிறார். ரெண்டு பேருக்கும் தெரிகிறது. 'எனக்கும் இப்படித்தான் மச்சான், டாக்டரைப் பார்ப்போமா' என்று ஒரு வார்த்தை. ஒருத்தர் வாயிலிருந்து ஒரே ஒரு வார்த்தை. அதற்குப் பதிலாக ஒரு பிளாஸ்டிக் ஷீட்.

"சண்டாளனுங்களா" என்றாள், சத்தமில்லாமல்.

"என்ன அண்ணி?"

"ஒண்ணுமில்ல. காலரைச் சரி பண்ணுங்க."

திரையை விலக்கினார்கள். ஆட்கள் எழுந்து பூ வைக்க வந்தார்கள். பூக்குவியலுக்குப் பக்கத்தில் சோபாவில் உட்கார்ந்திருந்த அண்ணன் தும்மினார். இன்னொரு தும்மல். அப்புறம் அடுக்கடுக்காக. கண்ணிலும் மூக்கிலும் நீர் ஒழுகியது.

"என்ன மாமா, காலையிலேர்ந்தே தும்மறீங்க?" என்றாள் மகள்.

"பூ ஒத்துக்கலம்மா. கூடவே கொஞ்சம் சளியும் இருக்கு."

"இருங்க, வீட்டுல மாத்திரை இருக்கும்."

அவள் முதுகைக் காட்டிக்கொண்டு ஊர்க்காரர் ஒருவருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். 'ஆமாங்க, ஹார்ட்டுதான்' என்று வாய் சொல்லிக்கொண்டிருந்தது. ஃபிரிட்ஜ் மேலிருந்து டப்பாவை எடுத்துத் திறக்கிற சத்தம் கேட்டது. 'சட்' என்று அட்டையிலிருந்து மாத்திரை பிதுங்குகிற சத்தம் கேட்டது.

திரும்பினாள்.

மகள் கையில் மஞ்சள் மாத்திரை அட்டை. அதில் அவர் சாப்பிட்டுக் காலியான குழிகள். அண்ணன் உள்ளங்கையில் மாத்திரை. அந்தக் கை வாய்க்குப் போய்க்கொண்டிருந்தது.

இடையில் யார் உட்கார்ந்திருந்தார்கள், யார் காலை மிதித்தாள் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியாது. ஓங்கி அடித்தாள். மாத்திரை பறந்து போய், கட்டிலில் கிடந்தவரின் வெள்ளைப் பேண்ட்மேல் விழுந்து, உருண்டு, பூவுக்குள் மறைந்தது.

"பாப்பா!" அண்ணன் கையை உதறிக்கொண்டார். "என்ன வந்துச்சு உனக்கு?"

"அதைச் சாப்பிடாதே."

"ஒரு சளி மாத்திரைடி!"

"சாப்பிடாதேன்னா சாப்பிடாதே."

"ஏன்? காரணம் சொல்லு."

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கீழ் வீட்டுக்காரி, கூட்டாளி, மகள், ஊர்க்காரர்கள். கட்டிலில் அவர் படுத்திருந்தார், வெள்ளைப் பேண்ட்டில், ஒரு மடிப்புக்கூடக் கலையாமல். சொல்லவா? இத்தனை பேர் முன்னால், ஒன்றும் பேச முடியாமல் படுத்திருக்கிறவரை வைத்துக்கொண்டா?

"அது... பழசு. தேதி போயிடுச்சு" என்றாள்.

"இல்லையேம்மா, புதுசாத்தானே இருக்கு" என்று மகள் அட்டையைத் திருப்பினாள். அவள் அதைப் பிடுங்கிக் கைக்குள் கசக்கினாள். அட்டையின் கூர் உள்ளங்கையைக் கிழித்தது.

"விடும்மா. அடி மனசுல விழுந்திருக்கு. தூங்கினாளோ என்னவோ" என்றார் அண்ணன். குரலில் கோபம் இல்லை. கொஞ்சம் பயந்த மாதிரி இருந்தது. தங்கையின் கண்ணைப் பார்க்காமல் எழுந்தார். எழுந்ததும், ஒரு துடை துடைப்பதுபோல சோபாவின்மேல் கையை ஓட்டிவிட்டுப் பாத்ரூமுக்குள் போனார். தாழ்ப்பாள் விழுந்தது. குழாய் திறந்தது.

வாசலில் வண்டி வந்து நின்றது. ஆட்கள் எழுந்தார்கள். நாற்காலிகள் சத்தம் போட்டன.

"தலைமாட்டுல யாரு? மச்சான் எங்க?" என்று கூட்டாளி கேட்டார்.

"மாமா பாத்ரூம்ல" என்றாள் மகள்.

"இப்பத்தானே போயிட்டு வந்தார்?"

குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. அவள் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றாள். ரெண்டு வருஷமாகத் தினமும் கேட்ட சத்தம். சமையலறையில் நின்றபடி தினமும் கத்தியிருக்கிறாள்: 'குழாயை மூடுங்க! தண்ணி வீணாப் போகுது!' உள்ளேயிருந்து தினமும் அதே பதில்: 'முகம் கழுவறேன்.' ஒரு மனுஷன் ஒரு நாளைக்கு எத்தனை தடவைதான் முகம் கழுவுவான் என்று ஒருநாள்கூட அவள் கேட்டதில்லை.

நடந்து போய்ப் பாத்ரூம் கதவைத் தட்டினாள்.

"அண்ணே."

"ஆங்... வந்துட்டேன், வந்துட்டேன். முகம் கழுவறேன்."

கதவில் கையை வைத்தாள். மரம் லேசாக அதிர்ந்துகொண்டிருந்தது.

"குழாயை மூடு."

"என்னது?"

"குழாயை மூடுண்ணே."

மகள் பின்னால் வந்து நின்றாள். "அம்மா, வண்டிக்காரர் அவசரப்படறார். எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க."

"காத்திருக்கட்டும்." கதவோடு வாயை வைத்துக்கொண்டு சொன்னாள், ஆனால் குரலைத் தணிக்கவில்லை. "அவருக்கு ஹார்ட் இல்லண்ணே. இதுதான். இதுலதான் போனார்."

"அம்மா?" என்றாள் மகள்.

"சொட்டுது சொட்டுதுன்னு நினைச்சிருக்கார். சொட்டல. உள்ள அடைச்சுக்கிட்டு நிறைஞ்சு வழிஞ்சிருக்கு. சாதாரணமாம். மாத்திரையிலயே சரியாகியிருக்குமாம். டாக்டர் படம் போட்டுக் காமிச்சார். அவரை வழியனுப்பிட்டு, இங்கேர்ந்தே நீயும் நானும் அந்த டாக்டர்கிட்டப் போறோம். உன் கார்லயே போறோம். அந்த சீட்டு மேலயே உட்கார்ந்து போறோம்."

தண்ணீர் மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

மகளின் கை அவள் தோளில் விழுந்து, அப்படியே நின்றது. ஹாலில் யாரோ யாரையோ 'உஷ்' என்று அடக்கினார்கள்.

குழாய் நின்றது.

அவள் கதவில் காதை வைத்தாள். சத்தமே இல்லை. வெகுநேரம் ஒன்றுமே இல்லை. பிறகு ஒரு சொட்டு. கொஞ்சம் பொறுத்து, இன்னொன்று.

அது குழாயில்லை. அந்தக் குழாய்க்குப் போன மாதம்தான் அவர் வாஷர் மாற்றியிருந்தார்.

வாசலில் வண்டிக்காரர் ஹார்ன் அடித்தார். அவள் நகரவில்லை.